புதுச் சுதந்தர நாட்டில் ஒரு பழைய கட்சி

ஒரு நாடு அயலாட்சியினின்று விடுபடும்பொழுது, விடுதலை பெற்றோரின் வரலாற்றையே யாவரும் விரித்தெழுதுகின்றனர். ஆட்சியை இழந்தும் அந்நாட்டிலேயே தங்கிவிட்ட சிறு கூட்டத்தார் என்னாயினர் என்று வினவுவோர் மிகச் சிலரே. எனினும் அவ்வினா சிறிதன்று. நேற்று வரை ஆண்டவர் இன்று நூற்றுக்கு மூவராய்க் குடிகளோடு குடிகளாக வாழ நேரின், அவர்தம் உரிமையைக் காப்பது எது? சட்டம் கட்டித் தரும் வேலியா? அன்றி, அண்டை அயலாரின் நம்பிக்கையா? இதற்கு விடை தேடுவார்க்கு ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டு வெள்ளையர் கட்சியின் வரலாறு நல்லதொரு பாடமாகும். ரொடீஷிய முன்னணி என்று பிறந்து, குடியரசு முன்னணி என்று பெயர் மாறி, ஜிம்பாப்வே பழமை பேணுவோர் கூட்டணி என்று முடிந்த அக்கட்சியின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

கட்சியின் தோற்றம்

ஜாம்பசி, லிம்போப்போ என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட அந்நாடு முன்னாளில் தென் ரொடீஷியா எனப்பட்டது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயினும், 1923-ஆம் ஆண்டு முதல் அங்குக் குடியேறிய வெள்ளையரே உள்நாட்டு ஆட்சியை நடத்தி வந்தனர். வாக்குரிமைக்குச் சொத்து, வருமானம், கல்வி ஆகிய தகுதிகள் விதிக்கப்பட்டிருந்தமையின், ஆப்பிரிக்கர் மிகச் சிலரே வாக்காளராக முடிந்தது. 1961-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 65 இடங்களுள் 15 இடங்களை ஆப்பிரிக்கர் பெறுதற்கு ஏற்ற வழி செய்தது. இச்சிறு மாறுதலையும் பொறாத வெள்ளையர் 1962-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரொடீஷிய முன்னணியை நிறுவினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே தேர்தலில் வென்று அக்கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. வின்ஸ்டன் பீல்டு என்பார் முதலிற் பிரதம மந்திரியாயினார். 1964-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவரை விலக்கி ஐயன் ஸ்மித் அப்பதவியை ஏற்றார்.

ஸ்மித் அந்நாட்டிலேயே பிறந்தவர். பண்ணை வைத்துப் பயிர் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியவர். பெரும்பான்மையோர் ஆட்சி வாராமல் சுதந்தரம் தருவதற்கில்லை என்று பிரிட்டிஷ் சர்க்கார் கூறவே, அவர் 1965-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் தாமே சுதந்தரப் பிரகடனம் செய்தார். அதற்குச் சில நாள் முன்னரே நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் அதிகாரம் அதனாற் சர்க்காருக்குக் கிடைத்தது. இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைப்பார்களாக; பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

1969-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலவுடைமைச் சட்டம் அக்கட்சியின் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும். சுமார் 50 லட்சம் ஆப்பிரிக்கருக்கு ஏறத்தாழ 450 லட்சம் ஏக்கர். இரண்டேகால் லட்சத்திற்குச் சற்று மிகுந்த வெள்ளையருக்கும் அதே 450 லட்சம் ஏக்கர். நாட்டைச் சரிபாதியாகப் பிரித்தோம் என்று கட்சியார் கூறினர். அளவு கோல் சரியாகத்தான் இருந்தது; நீதிதான் அதில் இல்லை.

நிலமும் வாக்கும் இழந்தோர் ஆயுதம் ஏந்தினர். ராபர்ட் முகாபேயின் தலைமையிலும் ஜோஷுவா என்கோமோவின் தலைமையிலும் இரு படைகள் போரிட்டன. அப்போரில் மாண்டோர் முப்பதாயிரவர் வரையில் இருப்பர் என்பர். போரினால் நெருக்குண்ட ஸ்மித், 1978-இல் மெதடிஸ்டு அத்தியட்சரான ஆபேல் முசோரேவா முதலிய மிதவாதிகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அதன்படி 1979-இல் முசோரேவா பிரதம மந்திரியாயினார். எனினும் நூறு இடங்களுள் 28 இடங்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. உலக நாடுகள் இதனை ஏற்கவில்லை. போரும் ஓயவில்லை.

வேலி அமைந்த வகை

1979-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை லண்டன் நகரில் லங்காஸ்டர் மாளிகையில் யாவரும் கூடிப் பேசினர். டிசம்பர் 21-ஆம் நாள் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் வழிப் பிறந்த அரசியலமைப்பில், சட்டசபையின் நூறு இடங்களுள் இருபது இடங்கள் தனி வாக்காளர் பட்டியலாரால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெள்ளையர் பட்டியல் என்று அது வழங்கப்பட்டதாயினும், ஆசியரும் கலப்பினத்தாரும் அதிலேயே சேர்க்கப்பட்டனர். ஏழாண்டு வரை சபையார் அனைவரும் ஒருமுகமாக இசைந்தாலன்றி இவ்வேற்பாட்டை மாற்றலாகாது. அதன்பின் எழுபது வாக்குகள் இருப்பின் மாற்றலாம். குடிகளின் அடிப்படை உரிமைகளுக்கும், உடையவர் விரும்பி விற்றாலன்றி நிலத்தை எளிதிற் கொள்ளலாகாது என்னும் முறைக்கும் பத்தாண்டுக் காவல் இடப்பட்டது.

இனவாரியாக வாக்காளரைப் பிரிக்கும் இம்முறை பிரிட்டிஷார் பல நாடுகளிலும் கையாண்டதே. வடக்கேயுள்ள சாம்பியாவில், 1964-ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் ஐரோப்பியருக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பத்தையும் தேசிய முன்னேற்றக் கட்சி என்னும் வெள்ளையர் கட்சியே வென்றது. ஆயின், அக்கட்சியார் காலத்தின் போக்கை உணர்ந்து 1966-இல் தம் கட்சியைத் தாமே கலைத்துவிட்டனர். ஜிம்பாப்வேயில் நிகழ்ந்தது வேறு.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தேர்தலில் இருபது தனி இடங்களையும் ரொடீஷிய முன்னணியே பெற்றது. அவற்றுட் பலவற்றிற் போட்டியே இல்லை. பொதுப் பட்டியலின் எண்பது இடங்களுள் முகாபேயின் கட்சி 57, என்கோமோவின் கட்சி 20, முசோரேவாவின் கட்சி 3 இடங்களைப் பெற்றன. ஏப்ரல் 18-ஆம் நாள் ஜிம்பாப்வே சுதந்தர நாடாயிற்று. போர்க்களத்திற் பகைவராயிருந்தோர் ஒரே சபையில் எதிரெதிரே அமர்ந்தனர்.

முதல் ஆண்டுகள்

பிரதம மந்திரியான முகாபே பழிவாங்குவார் என்றே வெள்ளையர் அஞ்சினர். அவரோ பழம்பகையை மறக்குமாறு நாட்டாரை வேண்டினார். வெள்ளைப் பண்ணையாளர் சங்கத்தின் தலைவராயிருந்த டெனிஸ் நார்மன் விவசாய மந்திரியாகவும், ஸ்மித்தின் மந்திரிசபையில் இருந்த டேவிட் ஸ்மித் வாணிக மந்திரியாகவும் அமர்த்தப்பட்டனர். ஐயன் ஸ்மித்தும் முகாபேயும் தொடக்கத்திற் பன்முறை சந்தித்து உரையாடினர். ஒரே கட்சி ஆட்சியை நாட்டில் நிறுவுவது பற்றிய பேச்சு எழுந்தபின், 1981-இல் அச்சந்திப்புகள் நின்றன.

அவ்வாண்டிலேயே கட்சி குடியரசு முன்னணி என்று பெயர் மாறியது. பெயர் மாறியதேயன்றிப் பேச்சு மாறவில்லை என்று அதன் உறுப்பினர் சிலரே மனம் நொந்தனர். எதிர்த்துப் பேசுவது ஒன்றே தொழிலாயிருத்தல் தகாது, அரசாங்கத்தோடு கூடி உழைத்தலே வெள்ளையருக்கு நன்று என்று கருதிய ஒன்பதின்மர் 1982-இற் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சையாயினர். ஆக, அச்சிறு சமூகத்தினுள்ளேயே இருவேறு வழிகள் தோன்றின. வேலிக்குள் நின்று குரல் எழுப்புவது ஒருவழி; வேலியைக் கடந்து அண்டையாரோடு கலப்பது மற்றொரு வழி.

இனி, அக்கட்சியார் கூறிய குறைகள் யாவும் பொய் என்று நாம் கூறோம். 1982-இல் ஒரு விமானத் தளத்தில் போர் விமானங்கள் பல வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, விமானப் படையின் வெள்ளை அதிகாரிகள் சிலர் பிடிக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். 1983-இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றமற்றோர் என்று விடுவித்தது. விடுதலையாகி வெளிவந்தவரைச் சர்க்கார் மீண்டும் சிறைப்படுத்தியது. எந்த அதிகாரத்தினால்? 1965-இல் ஸ்மித்தின் ஆட்சியார் அறிவித்த அந்நெருக்கடி நிலையினாலேயே. புதிய ஆட்சியார் அதனை நீக்காமல் ஆறு திங்களுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தனர். 1990-இலேதான் அது முடிவுற்றது. பிறரை அடக்க வார்த்த விலங்கு, வார்த்தவன் கைக்கே பொருந்திற்று. சட்டத்தின் முறைமை கெடுகின்றது என்று குடியரசு முன்னணியார் சபையிற் கூவினர். கூற்று மெய்; கூறியவர் வாய்க்கோ மதிப்பில்லை. நீர் ஆண்ட நாளில் இம்முறைமை எங்கே போயிற்று என்னும் ஒரே வினா அவர்களை வாயடைக்கப் போதுமானதாயிருந்தது.

அக்காலத்தில் மிகக் கொடிய துன்பம் உற்றோர் வெள்ளையரும் அல்லர். 1983 முதல் மாத்தபேலேலாந்துப் பகுதியில் ஐந்தாம் படைப்பிரிவு என்னும் சேனை புகுந்து, என்கோமோவின் கட்சிக்கு ஆதரவானோர் என்று கருதப்பட்ட ஊர்மக்களை ஆயிரக்கணக்கிற் கொன்றது. இவர்களும் ஒரு சிறுபான்மையோரே. இவர்களுக்குத் தனி இடமும் இல்லை, தனிப் பட்டியலும் இல்லை. சிறுபான்மையோர் உரிமை என்பது ஓர் இனத்தாரின் உரிமை மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

1985-ஆம் ஆண்டுத் தேர்தல்

1984-ஆம் ஆண்டிற் கட்சி இரண்டாம் முறையாகப் பெயர் மாறி, ஜிம்பாப்வே பழமை பேணுவோர் கூட்டணி என்றாயிற்று. எவ்வினத்தாரும் சேரலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆயினும் காலம் கடந்துவிட்டது. அக்கட்சி போட்டியிட்டு வெல்லக்கூடிய இடங்கள் இருபதே. அவ்விருபதையும் தருவோர் தனிப் பட்டியலாரே. ஆப்பிரிக்கர் ஒருவரின் வாக்கும் வேண்டாத கட்சி, ஆப்பிரிக்கரின் உள்ளத்தை அறிய முயல்வது எங்ஙனம்?

1985-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் தனிப் பட்டியலார் வாக்களித்தனர். ஸ்மித்தின் கட்சி 15 இடங்களையும், சுயேச்சைக் குழுவினர் 4 இடங்களையும், தனித்து நின்ற கிறிஸ் ஆண்டர்சன் என்பார் ஓரிடத்தையும் பெற்றனர். இத்தொகைகளைச் சற்று ஆராய்தல் வேண்டும். ஸ்மித்தின் கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் பாதிக்குச் சற்றே மேற்பட்டன. சுயேச்சைக் குழுவினரோ ஐந்தில் இரண்டு பங்கு வாக்குகளைப் பெற்றும் நான்கு இடங்களே அடைந்தனர். அஃதாவது, இணங்கி வாழ விரும்பிய வெள்ளையர் சிலரல்லர். அவர்தம் எண்ணம் இடங்களின் கணக்கில் மறைந்து போயிற்று. பதினைந்து என்னும் எண்ணே நாட்டாரின் கண்ணிற் பட்டது.

முகாபே கடுஞ்சினம் கொண்டார். ஐந்தாண்டு காட்டிய பொறுமைக்கு இதுவோ கைம்மாறு என்பது அவர் பேச்சின் போக்காயிருந்தது. டெனிஸ் நார்மன் மந்திரிசபையினின்று நீக்கப்பட்டார். உணவு விளைவைப் பெருக்கி இருசாராராலும் மதிக்கப்பட்டவர் அவர். ஸ்மித்தின் கட்சிக்கு வாக்களித்தோர் தம் மானத்தைக் காத்ததாக எண்ணியிருக்கலாம். ஆயின், மந்திரிசபையில் அவர்களுக்குப் பயன்பட்ட ஒரு குரலை அவ்வாக்குகளே இழப்பித்தன.

1987-ஆம் ஆண்டில், தென் ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அந்நாட்டின் மேல் உலகம் விதித்த வாணிகத் தடையை எதிர்த்து நிற்குமாறு அங்குள்ளோரிடம் ஸ்மித் பேசினார் என்பதற்காகச் சபையார் அவரை ஓராண்டு விலக்கி வைத்தனர். அதற்குள் ஏழாண்டுக் காவலும் கழிந்தது. எழுபது வாக்குகள் வேண்டியிருக்க, முகாபேயின் கட்சிக்கு 64 இடங்கள் இருந்தன. பிற உறுப்பினரின் துணையும் சேர, தனி இடங்களை ஒழிக்கும் திருத்தம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. காலியான இருபது இடங்களைச் சபையின் எஞ்சிய எண்பது உறுப்பினர் நிரப்பினர். அவர்கள் தேர்ந்தோருள் வெள்ளையரும் சிலர் இருந்தனர். ஸ்மித் கட்சித் தலைமையை விட்டு விலகினார். வேலி நீங்கியபின் கட்சிக்கு நிற்க நிலமில்லை. அது படிப்படியே தேய்ந்தொழிந்தது.

வேலிக்குப் புறம்பே நின்றவர்

இவ்விடத்தில் மற்றொருவரை நினைவுகூர்தல் நம் போன்ற மிஷன் கல்லூரி மாணவருக்கு ஏற்புடைத்து. கார்பீல்டு டாட் என்பவர் நியூசிலாந்திலிருந்து 1934-இல் டடாயா என்னும் ஊருக்கு மிஷனரியாக வந்து பள்ளி நடத்தினார். 1953 முதல் 1958 வரை தென் ரொடீஷியாவின் பிரதம மந்திரியாகவும் இருந்தார். ஆப்பிரிக்கருக்கு மிக இடங்கொடுக்கின்றார் என்று அவர்தம் கூட்டாளிகளே அவரை வீழ்த்தினர். ஸ்மித்தின் ஆட்சியில் அவர் தம் பண்ணையிலேயே காவலில் வைக்கப்பட்டார். 1972-இற் சிறையும் கண்டார். சுதந்தரம் வந்தபின், எந்தத் தனிப் பட்டியலின் வாக்கும் இன்றி, 1980 முதல் 1985 வரை மேற்சபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பின்னர்ப் புதிய ஆட்சியின் பிழைகளையும் அஞ்சாது கண்டித்தார். அதன் பயனாக 2002-இல், தொண்ணூறு வயது கடந்த காலத்தில், அவருடைய குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. ஆதலின் நல்லெண்ணம் ஒன்றே எல்லாத் தீங்கினின்றும் காக்கும் என்று நாம் கூறத் துணியோம். ஆனால் ஒன்று கூறலாம்: அவர் கண்டித்தபோது, நீர் ஆண்ட நாளில் என் செய்தீர் என்று அவரைக் கேட்பார் ஒருவருமிலர்.

2000-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதனை மேலும் விளக்குகின்றன. அவ்வாண்டு வெள்ளையரின் பண்ணைகள் வலிந்து கைப்பற்றப்படலாயின. லங்காஸ்டர் மாளிகையில் இட்ட காவல்களுள் ஒன்றும் அப்பொழுது உயிருடன் இல்லை. ஆயினும் அதே ஆண்டு ஜூன் மாதத் தேர்தலில், சனநாயக மாற்ற இயக்கம் என்னும் புதிய எதிர்க்கட்சியின் சார்பில் வெள்ளையர் நால்வர் பொதுத் தொகுதிகளில் வென்றனர். அவர்களை வெல்வித்தவர் ஆப்பிரிக்க வாக்காளரே. ராய் பென்னெட் என்னும் பண்ணையாளர் சிமானிமனி என்னும் மலைநாட்டுத் தொகுதியில் நின்றார். ஷோனா மொழியைச் சரளமாகப் பேசிய அவரை மக்கள் ‘பச்சேடு’ என்று அழைத்தனர். நம்மவர் என்பது அதன் கருத்து. மைக்கேல் ஆரெட் என்பார் கத்தோலிக்க நீதி சமாதானக் குழுவின் தலைமையில் இருந்து, மாத்தபேலேலாந்துக் கொலைகளை வெளிப்படுத்த உழைத்தவர். இவர்களும் துன்பத்திற்குத் தப்பவில்லை. பென்னெட் தம் பண்ணையை இழந்தார். பின்னர்ச் சிறைவாசமும் செய்தார். எனினும் அவருக்கு நேர்ந்த தீங்கைத் தமக்கு நேர்ந்த தீங்காகவே தொகுதி மக்கள் கருதினர். இருபது தனி இடங்கள் ஏழாண்டிலும் ஈட்டித் தாராத செல்வம் இதுவே.

முடிவுரை

ஆராய்ந்ததைத் தொகுத்துக் கூறுவோம். சிறுபான்மையோருக்குக் காவல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அடிப்படை உரிமைகளும், நடுநிலையான நீதிமன்றமும், விசாரணையின்றிச் சிறையிடாத சட்டமும் யாவர்க்கும் வேண்டும். அவை எல்லாருக்கும் பொதுவாதல் பற்றி எல்லாரும் காப்பர். ஓரினத்தாருக்கென்று வகுத்த தனி இடமோ, அவ்வினத்தாரைத் தவிரப் பிறர் எவரும் காவாத வேலி. அதனுள் இருப்போர் புறத்தாரின் வாக்கை வேண்டார். வேண்டாமையின் அவர் மொழியையும் மனத்தையும் அறியார். அறியாமையின், மெய்யே பேசினும் கேட்பாரின்றி நிற்பர். ஸ்மித்தின் கட்சி ஒரே கட்சி ஆட்சியின் தீமையை முன்னறிந்து எச்சரித்தது. அவ்வெச்சரிக்கை பொய்யாகவில்லை. தம் ஆட்சியில் நீதி செய்யாதவர் வாயினின்று வந்தமையின் அது வீணாயிற்று.

நம் நாட்டின் அரசியல் நிர்ணய சபையிலும் இதே வினா எழுந்தது. சிறுபான்மையோர் உட்குழுவின் தலைவராயிருந்த ஹரேந்திர கூமார் முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். மதச் சிறுபான்மையோருக்குத் தனி இடங்கள் வேண்டாம் என்று அவரே எடுத்துரைத்தார். 1949-ஆம் ஆண்டு மே மாதத்திற் சபையார் அவ்வாறே முடிவு செய்தனர். அம்முடிவினால் நாம் இழந்தது யாது, பெற்றது யாது என்று சிறு சமூகத்தைச் சார்ந்த மாணவராகிய நாம் சில வேளைகளில் தம்முள் வாதிடுவதுண்டு. வாதிடுவது தவறன்று. ஆனால் அவ்வாதத்தில் இறங்குமுன், ஜிம்பாப்வேயில் இருபது இடங்களையும் பெற்றுத் தனித்து நின்ற கட்சியையும், ஒதுக்கிய இடம் ஒன்றும் இன்றிச் சிமானிமனி மலைநாட்டில் நம்மவர் என்று பெயர் பெற்றவரையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போமாக.